காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே
(காடியின் பிரேக், கிளட்ச் மிதிகளை மாற்றியமைத்தல்)



காடி ஓட்டுகிறவரின் காலடியில் மூன்று மிதிகள் இருக்கின்றன. வலது ஓரத்தில் எண்ணெய் மிதி, நடுவில் பிரேக், இடது ஓரத்தில் கிளட்ச். இவற்றுள் பிரேக், கிளட்ச் என்ற இரண்டு மிதிகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அதிலும், உதிரிகளாக வாங்கிப் பட்டறையில் சேர்த்துக் கட்டுகிற 'கிட் கார்' என்னும் காடியில் இந்த மிதிகளை மாற்றியமைக்கும்போது கவனிக்க வேண்டியவற்றைப் பார்ப்போம்.

"இது மெக்கானிக்குகளின் விஷயமாயிற்றே, தோட்டத்துக் குடும்பங்களுக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கேரித் தீவிலும் புக்கிட் ராஜாவிலும் பால்மரத்தையும் செம்பனையையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று பட்டறைகளில் வேலை பழகுகிறார்கள். கிள்ளான் நகருக்கும் துறைமுகத்துக்கும் நடுவே இருக்கும் பண்டமாரானை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரகாலத்தில் புதுக்கிராமமாக உருவான ஊர் அது. இன்று அங்கே தொழிற்பேட்டையும் இருக்கிறது. காடி, லாரிப் பட்டறைகளும் இருக்கின்றன. ஸ்பேனர் பிடிக்கும் பையன் ஒருவன், பிரேக் மிதியைச் சற்று நீட்டி வெல்டிங் வைத்தால் போதும் என்று நினைத்துவிட்டால், அந்தக் காடியில் போகிறவர்களின் உயிர் அந்த வெல்டிங்கில் தொங்குகிறது. ஆகவே விஷயம் பட்டறைக்குள் நடந்தாலும் விளைவு வீட்டுக்கு வந்து சேருகிறது.

முதலில், கிட் கார் என்பது என்ன? காடியைப் பெட்டிகளில் பாகங்களாகக் கொண்டுவந்து பூட்டுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1967-இல் ஷா ஆலம் பத்து தீகாவில் வால்வோ காடிகளைப் பூட்டும் தொழிற்சாலை வேலையைத் தொடங்கியது. அங்கே வந்த பாகங்களெல்லாம் ஒரே காடிக்கென்று அளவெடுத்துச் செய்யப்பட்டவை. 1985 ஜூலை 9-ஆம் தேதி வெளிவந்த புரோட்டோன் சாகாவும் அப்படித்தான். தொழிற்சாலை சொன்ன இடத்தில் சொன்ன பாகத்தைப் பூட்டினால் வேலை முடிந்தது.

கிட் கார் இதற்கு வேறுபட்டது. இங்கிலாந்தில் 1957-இல் காலின் சாப்மன் என்பவர் லோட்டஸ் செவன் என்ற சிறிய காடியை வெளியிட்டார். முழுக் காடியாக வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும். பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. ஆகவே பலர் பாகங்களாக வாங்கித் தாங்களே கட்டிக்கொண்டார்கள். பின்னர் வோக்ஸ்வாகன் பீட்டில் என்னும் ஆமை முதுகுக் காடியின் மேற்கூட்டைக் கழற்றிவிட்டு, அதன் அடிச்சட்டத்தின் மேல் கண்ணாடியிழைக் கூடு வைத்துப் புதுக் காடி செய்யும் வழக்கம் பல நாடுகளில் பரவியது. நம் நாட்டிலும் பழைய பாணிக் காடிகளைக் கையால் கட்டும் தொழில் உண்டு. 1986-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிப் பின்னர் கோலாலம்பூருக்கு வந்த புஃபோரி அதற்கு ஓர் உதாரணம்.

கிட் காரின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. எஞ்சின் ஒரு காடியிலிருந்து, அச்சும் சக்கரமும் இன்னொரு காடியிலிருந்து, கூடு மூன்றாவது இடத்திலிருந்து வருகிறது. பழைய காடியில் மிதிகள் மேலிருந்து தொங்கியிருக்கும். புதுக் கூடு தாழ்வானதால் அவற்றைத் தரையில் ஊன்ற வேண்டி வரும். பழைய காடியில் காலுக்கு உதவி செய்யும் பூஸ்டர் இருந்திருக்கும். புதுக் கூட்டில் அதற்கு இடம் இருக்காது. கிளட்சை இழுக்கக் கேபிள் இருந்திருக்கும். எஞ்சின் இடம் மாறியதும் கேபிள் வளைந்து நெளிந்து போக நேரிடும். ஆக, மிதிகளை மாற்றாமல் கிட் கார் கட்டுவது அபூர்வம். மாற்றுவது தவறல்ல, கணக்குப் பாராமல் மாற்றுவதுதான் தவறு.

அந்தக் கணக்கு என்ன? மிதிக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரண்டு பெருக்கல்கள் நடக்கின்றன.

முதல் பெருக்கல் நெம்புகோல். விழுந்து கிடக்கும் மரத்தைக் கடப்பாரையால் நெம்புகிறோம். கடப்பாரையின் நீண்ட பக்கத்தைப் பிடித்து அழுத்தினால் குறுகிய பக்கம் பெரும் பாரத்தைத் தூக்குகிறது. ஆனால் நம் கை ஒரு முழம் இறங்கினால்தான் மரம் நாலு விரல் எழும்புகிறது. பலம் கூடும்போது தூரம் குறைகிறது. பிரேக் மிதியும் இப்படித்தான். மிதி சுழலும் ஆணியிலிருந்து கால் வைக்கும் இடம் 30 சென்டிமீட்டர் தூரம். அதே ஆணியிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பி 5 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். 30-ஐ 5-ஆல் வகுத்தால் 6. கால் 20 கிலோ விசையோடு அழுத்தினால் கம்பியில் 120 கிலோ விசை சேருகிறது. கம்பி 1 சென்டிமீட்டர் நகர வேண்டுமானால் கால் 6 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். இந்த 6-ஐத்தான் மிதி விகிதம் என்கிறோம்.

இரண்டாவது பெருக்கல் திரவத்தால் நடப்பது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் விளக்கினார். சிறிய வட்டத்தில் அழுத்திப் பெரிய வட்டத்தில் வாங்கினால் விசை பெருகும். 1921-இல் அமெரிக்காவின் டூசன்பர்க் காடி, நான்கு சக்கரங்களிலும் இந்த முறையில் இயங்கும் பிரேக்கோடு விற்பனைக்கு வந்தது.

இப்பொழுது நம் கணக்கைத் தொடர்வோம். மாஸ்டர் சிலிண்டரின் குழாய் முக்கால் அங்குல விட்டம் என்றால் அதன் பரப்பு சுமார் 2.85 சதுர சென்டிமீட்டர். 120 கிலோவை இந்தப் பரப்பால் வகுத்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 42 கிலோ அழுத்தம். முன்சக்கரத்துக் கேலிப்பரின் பிஸ்டன் 48 மில்லிமீட்டர் விட்டமானால் அதன் பரப்பு சுமார் 18 சதுர சென்டிமீட்டர். ஆகவே அந்த பிஸ்டன் பிரேக் கட்டையைத் தள்ளும் விசை சுமார் 760 கிலோ. காலில் 20, சக்கரத்தில் 760. ஒரு சாதாரணக் காலால் ஓடுகிற காடியை நிறுத்த முடிவது இப்படித்தான்.

இங்கே பலர் தடுமாறும் ஓர் இடம் இருக்கிறது. "பிரேக் பிடிக்கவில்லை, பெரிய மாஸ்டர் சிலிண்டராகப் போடுவோம்" என்று சொல்வதுண்டு. பெரியது என்றால் பலம் என்று தோன்றுகிறது. உண்மை நேர்மாறானது. கடையில் கிடைக்கும் மூன்று அளவுகளைப் பாருங்கள்: எட்டில் ஐந்து அங்குலம், எட்டில் ஆறு அதாவது முக்கால் அங்குலம், எட்டில் ஏழு அங்குலம். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். ஆகவே இம்மூன்றின் பரப்பும் 25, 36, 49 என்ற விகிதத்தில் இருக்கும். அதே காலழுத்தத்தில், முக்கால் அங்குலத்தை எடுத்துவிட்டு எட்டில் ஏழு அங்குலத்தைப் போட்டால் அழுத்தம் 49-க்கு 36 பங்காகக் குறைந்துவிடும். கால்வாசிக்கு மேல் நஷ்டம். எட்டில் ஐந்து அங்குலத்தைப் போட்டால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். ஆனால் அதற்கும் விலை உண்டு. சிறிய குழாய் ஒரு தள்ளலில் குறைந்த திரவத்தையே அனுப்பும். ஆகவே மிதி அதிக ஆழம் இறங்கும். அளவு மீறினால், பிரேக் பிடிப்பதற்குள் மிதி தரையைத் தொட்டுவிடும்.

மிதி கல்லைப் போல் கெட்டியாக இருந்தால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று நினைப்பதும் இதே தவறுதான். பெரிய சிலிண்டர் போட்ட காடியில் மிதி கெட்டியாகத்தான் இருக்கும். காடி மட்டும் நிற்காது.

பூஸ்டர் இருந்த காடியில் மிதி விகிதம் சுமார் 4 இருப்பது வழக்கம். மீதிப் பலத்தை எஞ்சினின் உறிஞ்சும் சக்தியால் பூஸ்டர் கொடுத்துவிடும். கிட் காரில் பூஸ்டரைக் கழற்றிவிட்டு, பழைய மிதியையும் பழைய சிலிண்டரையும் அப்படியே பூட்டினால், ஓட்டுபவர் எத்தனை மிதித்தாலும் காடி ஆடி அசைந்துதான் நிற்கும். பூஸ்டர் போனால் மிதி விகிதத்தை 5 அல்லது 6 ஆக்கி, சிலிண்டரையும் சிறியதாக்கிக் கணக்கை நேர்செய்ய வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றியாக வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம்.

அடுத்தபடியாக, பிரேக்கை இரண்டு வழிகளாகப் பிரிப்பது. பழைய காடிகளில் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே வழி. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். ஆகவேதான் 1960-களின் பிற்பகுதியில் பீட்டில் உட்படப் பல காடிகள் இரட்டை வழி பிரேக்குக்கு மாறின. ஒரு வழி பழுதானாலும் மற்ற வழி காடியை நிறுத்தும். பழைய அடிச்சட்டத்தில் கிட் கார் கட்டுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் இதுதான்.

இரட்டை வழியை இரண்டு விதமாக அமைக்கலாம். ஒரே குழாய்க்குள் இரண்டு பிஸ்டன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் சிலிண்டர் ஒரு விதம். முன்சக்கரங்களுக்கு ஒன்று, பின்சக்கரங்களுக்கு ஒன்று என்று இரண்டு தனிச் சிலிண்டர்களைப் பக்கம் பக்கமாகப் பூட்டி, மிதியிலிருந்து வரும் விசையை ஒரு குறுக்குத்தண்டினால் பங்கிடுவது மற்றொரு விதம். பந்தயக் காடிகளிலும் கிட் கார்களிலும் இந்த இரண்டாவது விதம் அதிகம்.

குறுக்குத்தண்டு எப்படிப் பங்கிடுகிறது என்பதைத் தோட்டத்து மக்களுக்கு விளக்குவது சுலபம். காண்டா வாளி சுமந்தவர்களுக்கு அது தோளுக்கே தெரியும். தண்டின் இரு முனைகளிலும் பால் வாளிகள் தொங்குகின்றன. முன்வாளி கனமாகவும் பின்வாளி இலேசாகவும் இருந்தால் என்ன செய்கிறோம்? தோளை முன்வாளிக்கு அருகில் நகர்த்திக்கொள்கிறோம். தோளுக்கு அருகில் இருக்கும் முனை அதிக பாரம் தாங்கும். குறுக்குத்தண்டிலும் மிதி தள்ளும் இடம்தான் தோள். இரண்டு சிலிண்டர்களும் வாளிகள். தண்டு 50 மில்லிமீட்டர் நீளம் என்றால், மிதி தள்ளும் இடத்தை முன்சிலிண்டரிலிருந்து 20, பின்சிலிண்டரிலிருந்து 30 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால், முன்சிலிண்டருக்கு 60 பங்கும் பின்சிலிண்டருக்கு 40 பங்கும் போகும். நம் 120 கிலோவில் முன்னே 72, பின்னே 48.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பு ஒரே சிலிண்டருக்குப் போன 120 கிலோ இப்போது இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆகவே இரண்டு சிலிண்டர் போடும்போது ஒவ்வொன்றும் முன்னைவிடச் சிறிய குழாயாக இருக்க வேண்டும். பழைய அளவையே இரண்டாக வாங்கிப் பூட்டினால் அழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இன்னொன்று, ஒரு வழி பழுதானால் தண்டு ஒரு பக்கமாகச் சாயும். அப்படிச் சாய்ந்த நிலையிலும் மற்றச் சிலிண்டரை அது தள்ளுவதற்கு இடைவெளி விட்டிருக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் கட்டினால், இரட்டை வழி இருந்தும் பயனில்லை.

முன்னுக்கு ஏன் அதிக பங்கு? பஸ் திடீரென்று நின்றால் நாமெல்லோரும் முன்பக்கமாகச் சாய்கிறோம் அல்லவா? காடியின் பாரமும் அவ்வாறே முன்சக்கரங்களின் மேல் சாய்கிறது, பின்சக்கரங்கள் இலேசாகின்றன. இலேசான சக்கரத்தை அதிகமாகப் பிடித்தால் அது சுழலாமல் உறைந்து வழுக்கும். பின்சக்கரங்கள் முதலில் வழுக்கினால் காடி பம்பரமாகச் சுற்றிவிடும். முன்சக்கரங்கள் முதலில் வழுக்கினால் திருப்ப முடியாவிட்டாலும் காடி நேராகப் போகும். இரண்டு தீமைகளில் சிறியது இது. ஆகவே முன்சக்கரம் சற்று முந்திப் பிடிக்கும்படி அமைப்பதே பாதுகாப்பு. சக்கரம் வழுக்காமல் காக்கும் மின்னணுக் கருவி இன்றைய புதுக் காடிகளில் இருக்கிறது. பெரும்பாலான கிட் கார்களில் அது கிடையாது. அந்தக் கருவியின் வேலையைக் கட்டுகிறவரின் கணக்குத்தான் செய்ய வேண்டும்.

இனி கிளட்ச். எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் சற்று நேரம் பிரித்து வைப்பது இதன் வேலை. பீட்டிலில் மிதியிலிருந்து பின்பக்கத்து எஞ்சின் வரை நடுச்சட்டத்துக்குள்ளே ஒரு கேபிள் ஓடுகிறது. சைக்கிளின் பிரேக் கம்பி போலத்தான். கேபிள் எளிமையானது, மலிவானது. ஆனால் கூர்மையாக வளைத்தால் உராய்ந்து நைந்து ஒருநாள் அறுந்துவிடும். எஞ்சினை வேறிடத்தில் வைத்த கிட் காரில் கேபிளுக்கு நேரான வழி கிடைக்காவிட்டால், அதை விட்டுவிட்டுத் திரவ முறைக்கு மாறுவது நல்லது. குழாய் எத்தனை வளைந்தாலும் திரவம் போய்ச் சேரும்.

கிளட்சில் பலத்தைவிடத் தூரத்துக்கே கணக்கு முக்கியம். முக்கால் அங்குல மாஸ்டர் சிலிண்டர் 25 மில்லிமீட்டர் நகர்ந்தால் சுமார் 7 கன சென்டிமீட்டர் திரவம் வெளியேறும். அது எட்டில் ஏழு அங்குலக் கீழ்ச்சிலிண்டருக்குப் போனால் அதன் பிஸ்டன் சுமார் 18 மில்லிமீட்டர் நகரும். ஓர் அங்குலச் சிலிண்டருக்குப் போனால் 14 மில்லிமீட்டர்தான் நகரும். கிளட்சுக்குத் தேவையான தூரம் எத்தனை என்று முதலில் அளந்துகொண்டு, அதற்கேற்ற சிலிண்டரைத் தேட வேண்டும். தூரம் குறைந்தால் கிளட்ச் முழுவதும் பிரியாமல் கியர் கரகரவென்று உரசும். தூரம் மிஞ்சினால் உள்ளேயிருக்கும் தட்டு ஸ்பிரிங் அளவு மீறி அழுந்திக் கெடும். ஆகவே கிளட்ச் மிதி ஓரளவுக்கு மேல் இறங்காதபடி பின்னால் ஒரு தடுப்பு வைக்க வேண்டும்.

பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் தொட்டியைப் பொதுவாக வைக்கும் வழக்கமும் உண்டு. அப்படி வைத்தால் கிளட்சுக்குப் போகும் வாய் தொட்டியில் உயரமான இடத்தில் இருக்க வேண்டும். கிளட்ச் குழாயில் ஒழுகினால், அந்த வாய் வரை ஆயில் குறைந்ததும் ஒழுக்கு நின்றுவிடும். கீழே பிரேக்குக்கு வேண்டிய ஆயில் மிஞ்சும். கிளட்ச் போனால் காடி வழியில் நிற்கும், அவ்வளவுதான். பிரேக் போனால் காடி நிற்கவே நிற்காது.

இப்போது பூட்டும் வேலையில் கவனிக்க வேண்டிய சில நுட்பங்களைச் சொல்வோம்.

முதலாவது, மிதி ஊன்றியிருக்கும் இடம். சாதாரணமாக 20 கிலோ விசையில் மிதிக்கிற மனிதர், குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் தன் பலம் முழுவதையும் காலில் கொடுப்பார். அந்த நேரத்தில் காலின் விசை 100 கிலோவைத் தொட்டால் தள்ளுகம்பியில் 600 கிலோ. இதைத் தாங்கப்போவது எது? கண்ணாடியிழைக் கூட்டில் நேராகப் பூட்டினால் கூடு வளைந்து, பிரேக்குக்குப் போக வேண்டிய விசை அங்கேயே வீணாகும், கடைசியில் பிளந்துவிடும். ஆகவே மிதியும் சிலிண்டரும் ஒரே எஃகுத் தகட்டில் பூட்டப்பட்டு, அந்தத் தகடு அடிச்சட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும். மிதியின் கையை அறுத்து ஒட்டுவதைக் கூடியவரை தவிர்த்து, வேண்டிய நீளத்தில் முழுதாகச் செய்த மிதியைப் போடுவதே நல்லது.

இரண்டாவது, தள்ளுகம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையே உள்ள சிறு இடைவெளி. காலை எடுத்த பிறகு பிஸ்டன் முழுவதும் பின்னால் வர வேண்டும். அப்போதுதான் தொட்டிக்குப் போகும் சிறு துளை திறக்கும். கம்பியை இறுக்கிப் பூட்டிவிட்டால் அந்தத் துளை மூடியே இருக்கும். காடி ஓட ஓட ஆயில் சூடேறி விரியும். போவதற்கு வழியில்லாமல் பிரேக் கட்டைகளை அழுத்தும். அதனால் இன்னும் சூடேறும். கடைசியில் மிதியைத் தொடாமலே பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இந்த ஆபத்தைத் தடுக்கிறது.

மூன்றாவது, சிலிண்டரின் உயரம். மிதியைத் தரையில் ஊன்றும்போது சிலிண்டரும் தொட்டியும் சக்கரத்துக் கேலிப்பரைவிடத் தாழ்ந்துபோகலாம். அப்போது ஆயில் மெல்லப் பின்னோக்கி வடியும். அடுத்த முறை மிதித்தால் மிதி ஆழம் இறங்கும். தொட்டியை உயரத்தில் வைக்க இடமில்லையென்றால், குழாயில் சிறிதளவு அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு ஒன்றைப் பூட்ட வேண்டும். டிஸ்க் பிரேக்குக்கு 2 பவுண்டு, டிரம் பிரேக்குக்கு 10 பவுண்டு அளவுள்ள வால்வுகள் உண்டு. இரண்டையும் மாற்றிப் பூட்டினால் டிஸ்க் பிரேக் எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கும்.

நான்காவது, ஆயில். 'பிரேக் ஆயில்' என்று சொல்கிறோமே தவிர அது எஞ்சின் எண்ணெய் போன்ற எண்ணெயல்ல. இதன் காரணம் நம் பால்மரத்தோடு சம்பந்தப்பட்டது. முற்காலத்தில் சிலிண்டருக்குள் ஒழுகாமல் அடைக்கும் ரப்பர் கப்புகள் இயற்கை ரப்பரால் செய்யப்பட்டன. பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப் பெருத்துவிடும். ஆகவே ரப்பரைக் கெடுக்காத வேறு திரவம் தேவைப்பட்டது. தொடக்கத்தில் விளக்கெண்ணெயையும் சாராயச் சத்தையும் கலந்து செய்தார்கள். இன்று கப்புகள் செயற்கை ரப்பராகிவிட்டன. ஆனாலும் எஞ்சின் எண்ணெய் பட்டால் இவையும் கெட்டுப்போகும். அவசரத்துக்குக்கூட எஞ்சின் எண்ணெயைப் பிரேக் தொட்டியில் ஊற்றக் கூடாது.

பொதுவாக நாம் பயன்படுத்தும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். டாட் 4 ரகத்துக்கு இந்த அளவுகள் 230, 155. நம்முடைய ஈரமான சீதோஷ்ணத்தில் இதைச் சாதாரணமாக எண்ணக் கூடாது. கெந்திங் மலையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகும். ஆவியை அழுத்தினால் சுருங்கும். அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. மிதி தரையைத் தொடும், காடி நிற்காது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆயிலை மாற்றுவதும், இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வருவதும் அவசியம்.

பூட்டி முடித்ததும் குழாய்களிலிருந்து காற்றை முழுவதும் எடுக்க வேண்டும். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு மிதியைப் பலமாக அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மிதி மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. இறங்காவிட்டால், ஆளில்லாத சமதரையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சாலைக்கு வருவதற்கு முன்பு செய்ய வேண்டியது இன்னும் ஒன்று உண்டு. 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ், காடியின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யின் அனுமதி பெற வேண்டும். காடியைப் பரிசோதனைக்கும் விட வேண்டும். அனுமதியில்லாமல் மாற்றிய காடி விபத்துக்குள்ளானால் காப்புறுதிப் பணத்துக்கும் தகராறு வர இடமுண்டு. பாதிக்கப்படுவது குடும்பந்தான்.

பெற்றோர்கள் தங்கள் பிள்ளையிடம் ஐந்து கேள்விகள் கேட்கலாம். "தம்பி, மிதியின் விகிதம் எத்தனை? சிலிண்டரின் அளவு எத்தனை, ஏன் அந்த அளவு? ஒரு குழாய் உடைந்தால் மற்ற வழி நிறுத்துமா? மிதியைத் தாங்குவது எஃகா, வெறும் கூடா? ஜே.பி.ஜே. அனுமதி எங்கே?" இவற்றுக்குப் பதில் சொல்லத் தெரிந்த பையனின் கையில் காடியை நம்பி ஒப்படைக்கலாம். பதில் தெரியாவிட்டால் அதைக் கற்றுக்கொள்ள வழி இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழாகிய எஸ்.கே.எம். பயிற்சியில் காடித் தொழிலும் ஒரு பிரிவு. பள்ளிப் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளும் அதில் படிப்படியாக முன்னேறலாம். ஷா ஆலத்திலுள்ள மோண்ட்ஃபோர்ட் சிறுவர் நகரம் போன்ற நிலையங்கள் வசதி குறைந்த இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்றுக் கொடுக்கின்றன.

இன்று நாம் போட்ட கணக்கில் பெருக்கலும் வகுத்தலும் தவிர வேறு எதுவும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை ஒழுங்காகக் கணக்குப் படித்த பிள்ளைக்கு இது எட்டாததல்ல. ஸ்பேனரோடு ஓர் அளவுகோலையும் ஒரு பென்சிலையும் அவன் பையில் வைத்து அனுப்புங்கள். மிதியில் கை வைப்பதற்கு முன் அவன் அளந்து எழுதிப் பார்த்துக்கொள்ளட்டும்.